மூக்கு மட்டத்தில் ஒரு சாதனை

நடந்ததை நடந்தபடியே நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. நான் அதிகம் பேசாதவன். பேசாதவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரே விஷயத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, எது நடந்தது, எது நாமாக மெருகேற்றியது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். ஆனால் ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. மனித குலத்தின் நாகரிகம் முழுவதும் ஒரு கறுத்த எண்ணெயின் மேல் நின்றுகொண்டிருந்தது. அந்த எண்ணெயைக் கட்டிக் காத்தது எங்கள் நிலையம். எங்கள் நிலையத்தைத் தாங்கி நின்றது ஒரு மூக்கு.

எண்ணெயின் சான்றிதழ்ப் பெயர் கிரியோசோட். நிலக்கரியிலிருந்து தார் எடுத்து, அந்தத் தாரைக் காய்ச்சி வடித்தால் கிடைப்பது. நாங்கள் தார் எண்ணெய் என்போம். தோலில் பட்டால் எரியும். வெயிலில் நின்றால் இன்னும் எரியும். புகையையும் ஆஸ்பத்திரியையும் பழைய ரயில் நிலையத்தையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்து, யாரோ தெரியாமல் திறந்துவிட்டது போல ஒரு வாசனை. ஆனால் மரத்துக்குள் இறங்கிவிட்டால் கரையானும் பூஞ்சையும் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்காது. வெறும் மரம் மண்ணில் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். எண்ணெய் குடித்த மரமோ, அதை நட்டவர் ஓய்வு பெற்று, அவர் மகன் ஓய்வு பெறும் வரைக்கும் அப்படியே நிற்கும்.

'மரக்கம்பப் பாதுகாப்பு நிலையம்' என்பது எங்கள் பெயர். மின்கம்பங்களுக்கு எண்ணெய் ஊட்டுவது எங்கள் பணி. முற்றத்தில் ஒரு இரும்பு உருளை படுத்திருக்கும். ஒரு பேருந்து உள்ளே போய் நிற்கலாம். கம்பங்களை அதில் தள்ளி, கதவைத் திருகி மூடி, உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிட்டு, சூடான எண்ணெயை அழுத்தத்தோடு விடுவார்கள். மரம் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, குடித்தே ஆகவேண்டும். இதே முறையை எங்கள் ஆலோசனைக் கூட்டங்களிலும் பார்த்திருக்கிறேன்.

நான் அங்கே உரை எழுதுபவன். இயக்குநர் மேடையில் பேசுவதெல்லாம் நான் எழுதியது. கூட்டங்களில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மௌனத்தை எல்லோரும் ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். கூட்டக் குறிப்பில் அது 'ஒருமனதாக' என்று பதிவாகும்.

மரத்துக்குள் எண்ணெய் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க, முன்பெல்லாம் கம்பத்தில் சின்னத் துளை போட்டு, பென்சில் பருமனுக்கு மரத்தை எடுத்துப் பார்ப்பார்கள். இயக்குநர் பொறுப்பேற்ற முதல் வாரமே அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டினார்.

"பாதுகாப்பு நிலையம்னு போர்டு மாட்டியிருக்கோம். உள்ள வர்ற கம்பத்துக்கெல்லாம் ஓட்டை போடுறோம். மனசாட்சி இருக்காய்யா உங்களுக்கு?" என்றார்.

துளைக்கருவி அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. அதற்குப் பதிலாக 'வாசனை ஆய்வு' வந்தது. ஆய்வாளர் கம்பத்தின் அருகே வந்து நின்று முகர்ந்து பார்ப்பார். வாசனை வந்தால் கம்பம் தேர்ச்சி. வராவிட்டால் தோல்வி. இதைவிட வெளிப்படையான தேர்வு முறை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது.

ஆய்வாளரை எல்லோரும் மூக்கர் என்றே அழைத்தோம். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை, பட்டமாக எடுத்துக்கொண்டார். அவர் இருக்கும் தளத்தில் யாரும் பவுடர் போட்டுக்கொண்டு நடமாடக் கூடாது. அவர் முகரும் முறையே தனி. கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். கண்ணை மூடுவார். ஆனால் குனியவே மாட்டார்.

"நான் குனிஞ்சா நிலையமே குனிஞ்ச மாதிரி" என்பார்.

படுத்திருக்கும் கம்பத்தை முகர்வதும் அவருக்கு ஒவ்வாது. "படுத்திருந்தா அது கம்பம் இல்ல சார், கட்டை. நட்டு நிமிர்த்துங்க, வர்றேன்." ஆகவே கம்பங்கள் ஊருக்குப் போய், நடப்பட்டு, நிமிர்ந்த பிறகே ஆய்வு நடக்கும். அவரும் நிமிர்ந்து, அதுவும் நிமிர்ந்து, இரண்டு பெரிய மனிதர்கள் சந்தித்துக்கொள்வது போல இருக்கும்.

இப்படிச் சிறந்து விளங்கிய நிலையத்துக்கு நவீன மேலாண்மை எழுந்தருளியது ஒரு திங்கட்கிழமை. அது ஒரு ஆலோசகரின் வடிவில் வந்தது. சிறிய வயது அம்மையார். கையில் மடிக்கணினி. கூட்ட அறையில் திரையைப் பிரகாசமாக்கிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே எங்களை உலுக்கியது.

"தரம்னா என்ன?"

யாரும் பேசவில்லை. நானும்தான். ஆனால் எனக்கு அது வழக்கம்.

"நாம எங்க அளக்கிறோமோ, அங்க இருக்கிறதுதான் தரம். சரி, உங்க தரத்த நீங்க எங்க அளக்கிறீங்க?"

"கம்பத்துல" என்றார் இயக்குநர்.

"கம்பத்துல எங்க சார்?"

எல்லோரும் மூக்கரைப் பார்த்தார்கள். மூக்கர் மெல்ல எழுந்து நின்றார். ஆலோசகர் பையிலிருந்து தையல்காரர் நாடா ஒன்றை எடுத்து, தரையிலிருந்து அவர் மூக்கு வரைக்கும் அளந்தார். அந்த அறையில் ஒரு பூசை நடப்பது போன்ற அமைதி.

"இந்த உயரத்துல வாசனை வந்தா போதும். மீதி கம்பத்துக்கு எதுக்கு எண்ணெய்?"

உருளையை இயக்கும் மேஸ்திரி பின்வரிசையில் இருந்தார். "மேடம், கரையான் மண்ணுல இருந்துதானே ஏறும்?" என்றார்.

"ஏறட்டும். கரையான் ரிப்போர்ட் எழுதுதா?"

இயக்குநர் மேசையைத் தட்டினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இத்தனை வருஷமா, யாருமே மோந்து பாக்காத இடத்துக்கெல்லாம் எண்ணெய் ஊத்திட்டு இருந்திருக்கோம்! நம்மள மாதிரி ஏமாளி உண்டா?"

அன்றே 'மூக்கு மட்டத் திட்டம்' பிறந்தது. இனி கம்பங்கள் உருளைக்குள் போகவேண்டியதில்லை. கம்பத்தின் எந்தப் பகுதி நட்ட பிறகு மூக்கர் மூக்குக்கு நேராக வருமோ அந்த இடத்தில் மட்டும், இரண்டு சாண் அகலத்துக்கு, தூரிகையால் ஒரு பட்டை. 'இலக்கு நோக்கிய பூச்சு' என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தது நான் என்று சிலர் சொல்கிறார்கள். உருளைக்கு வெள்ளி வர்ணம் அடித்து, சுற்றிலும் பூந்தொட்டி வைத்துக் காட்சிப்பொருள் ஆக்கினார்கள். மேஸ்திரி 'மாற்றத்தை எதிர்ப்பவர்' என்று கண்டறியப்பட்டு, அந்த உருளையைத் துடைக்கும் பொறுப்புக்கு உயர்த்தப்பட்டார். எண்ணெய்த் தொட்டி குறையவேயில்லை. வருட முடிவில் 'எண்ணெய்ச் சேமிப்பில் முதலிடம்' என்று தலைமையகம் ஒரு கேடயம் கொடுத்தது. எண்ணெயைச் செலவழிக்கவே தொடங்கப்பட்ட ஒரு நிலையம் அதைச் செலவழிக்காமல் இருந்து பரிசு வாங்கியதை வரலாறு அதற்குமுன் கண்டதில்லை.

இந்தத் திட்டத்தின் முதல் பெரிய களம், ஊருக்கு வெளியே குன்றின் மேல் இருந்த குடியிருப்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் புதிய வரிசை. அடிவாரத்திலிருந்து மேலே வரை கம்பங்கள் நடப்பட்டன. எல்லாம் தயார். அந்த வாரம் பார்த்து மூக்கருக்குச் சளி பிடித்தது.

'ஆய்வாளரின் மூக்கு தற்காலிகமாக இயங்காது' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தலைமையகம் மாற்று ஆய்வாளர் ஒருவரை அனுப்பியது. அவர் வண்டியிலிருந்து இறங்கினார். இறங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அத்தனை உயரம். பார்த்த மாத்திரத்தில் எங்கள் ஆட்கள் 'கொக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கொக்கு முதல் கம்பத்தின் அருகே நின்று முகர்ந்தார். பட்டை அவர் மார்புக்கு நேராக இருந்தது.

"ஒண்ணும் வரலையே?"

இயக்குநர் பதறினார். "சார், கொஞ்சம் கீழ..."

"எனக்கு இடுப்புல பிடிப்பு. டாக்டர் குனியவே கூடாதுன்னுட்டார்." அடுத்த கம்பத்துக்குப் போனார். "இதுலயும் வரல. எல்லாம் ஃபெயில்தான் போலிருக்கே?"

அன்று பிற்பகலே அவசரக் கூட்டம் கூடியது. கொக்கு குனிய மருத்துவத் தடை இருக்கிறது. மேலே இன்னொரு பட்டை பூசலாம் என்றால் எண்ணெய்த் தொட்டியைத் திறக்க வேண்டும். தொட்டியைத் திறந்தால் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். இயக்குநர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

ஆலோசகர் நாடாவைச் சுருட்டியபடி சொன்னார்: "பட்டைய உயர்த்த முடியாது. ஒத்துக்கறேன். கம்பத்த உயர்த்தலாமே?"

ஒரு மௌனம் விழுந்தது. மௌனங்களில் எனக்குப் பழக்கம் அதிகம். துக்க வீட்டு மௌனம், பரீட்சை மண்டப மௌனம், கணவன் மனைவி மௌனம் என்று பலவகை பார்த்திருக்கிறேன். ஆனால் மேதைமைக்கு முன்னால் விழும் மௌனத்தை அன்றுதான் பார்த்தேன்.

மேஸ்திரி துடைக்கும் துணியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "மேடம், மண்ணுக்குள்ள ஆழம் குறைஞ்சா கம்பம் நிக்குமா?"

"இப்ப நிக்குதா?"

"நிக்குது."

"அப்புறம் என்ன?"

கிரேன் வைத்து ஒவ்வொரு கம்பத்தையும் தூக்கி, குழியில் மண்ணைப் போட்டு, ஒரு முழம் மேலே ஏற்றி நட்டார்கள். மறுநாள் கொக்கு வந்தார். பட்டை சரியாக அவர் மூக்கில் வந்து இடித்தது. "அடடா! நெடி தூக்குதே!" என்று தும்மினார். எல்லாக் கம்பங்களும் தேர்ச்சி. சில கம்பங்களுக்குச் சிறப்புத் தேர்ச்சி. சளி குணமாகி மூக்கர் திரும்பியபோது பட்டை அவர் தலைக்கு மேல் போயிருந்தது. அவருக்காக 'ஆய்வு முக்காலி' ஒன்று வாங்கப்பட்டது. அதன்மேல் ஏறி நின்று, குனியாத அதே கம்பீரத்தோடு அவர் தம் பணியைத் தொடர்ந்தார்.

வேறொரு குழு வந்து கம்பி இழுத்துக் கட்டியது. இனி இணைப்புக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் விழா எடுக்காமல் வெளிச்சம் கொடுப்பது எங்கள் மரபில் இல்லை. விழாவுக்கு ஒரு முக்கிய விருந்தினர் வேண்டும். முக்கிய விருந்தினரின் தேதி கிடைக்கவில்லை. ஒரு மழைக்காலம் போனது. இன்னொன்றும் போனது. குன்றின் மேல் பிள்ளைகள் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே மெழுகுவத்தியில் படித்தார்கள்.

அந்த நாட்களில் கரையான்கள் காட்டிய ஒழுக்கத்தைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்டதனம். மண்ணிலிருந்து கிளம்பி, கம்பத்தின் மேல் மண்தடம் போட்டுக்கொண்டே ஏறி, பட்டைக்கு ஒரு விரல் கீழே வந்ததும் நின்றுவிட்டன. ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. இயக்குநர் அதைப் படம் பிடித்துப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார். 'எங்கள் தரத்தைக் கரையானும் மதிக்கிறது' என்று கீழே எழுதச் சொன்னார். எழுதினேன்.

கடைசியில் தேதி கிடைத்தது. அப்போதுதான் இந்தக் கதைக்குள் என் வீடு வந்து சேர்ந்தது.

நான் என் தங்கை வீட்டு மாடியறையில் இருக்கிறேன். தங்கையின் கணவர் மின்துறையில் கம்பம் ஏறுபவர். பத்து வருடத்துக்கு மேலாகத் தினக்கூலி. அன்று மாலை மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். பின்னாலேயே தங்கை.

"மச்சான், குன்று வரிசைக்கு விழாவாம். மொத கம்பத்துல ஏறி இணைப்பு கொடுக்கிறது யாரு தெரியுமா?"

"யாரு?"

"உங்க மாப்பிள்ளைதான். எறங்கி வந்ததும் மேடையிலயே பணி நிரந்தர ஆர்டர் கையில குடுக்கறாங்களாம்."

"நல்லதுதானே மாப்ள."

"நல்லதுதான். நேத்து போய்ப் பாத்தேன். என்ன மச்சான் அது, கம்பத்துக்கெல்லாம் பெல்ட்டு மட்டும் கட்டி விட்டிருக்கீங்க. பேன்ட்டு எப்ப வரும்?"

"அது பெல்ட் இல்ல. இலக்கு நோக்கிய பூச்சு."

"அப்ப கீழ?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கீழ எதாவது போட்டிருக்கீங்களா, இல்லையா?"

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அதை முழுவதும் பார்த்தேன்.

"அண்ணா!" என்றாள் தங்கை. "உன் மௌனத்த மடிச்சு பீரோவுல வை. ஏறப்போறது இவரு. கீழ இருக்கிறது மரமா, மாவா? அத மட்டும் சொல்லு."

"தெரியாது" என்றேன். அது உண்மை. தெரிந்துகொள்ளும் கருவி அலமாரியில் பூட்டியிருந்தது.

"அப்ப ஏறமாட்டேன்னு சொல்லிடுங்க" என்று கணவர் பக்கம் திரும்பினாள்.

"சொல்லலாம். ஆர்டர் அடுத்த ஆளுக்குப் போயிடும். இன்னும் பத்து வருஷம் தினக்கூலியா இருப்பேன். நீ சம்மதம்னா சொல்லு, நாளைக்கே சொல்லிடறேன்."

அவள் மௌனமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு என்னிடம் சொன்னாள்: "நீ போய் உங்க பெரியவர்கிட்ட பேசு. அந்த ஒரு கம்பத்துல ஒரு ஓட்டை போட்டுப் பாக்கச் சொல்லு. நல்லா இருந்தா இவரு ஏறட்டும். நான் தடுக்கல."

மறுநாள் இயக்குநர் அறையில் விழா ஏற்பாடு பற்றிய கூட்டம். நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் நான் ஜன்னலைத் திறக்கச் சொல்வதாக நினைத்து ஜன்னலைத் திறந்தார்கள்.

"சார், அந்த முதல் கம்பத்துல மட்டும், தரை மட்டத்துல, ஒரு சின்னத் துளை போட்டுப் பாக்கலாமா?"

"நீங்க பேசுவீங்களா?" என்றார் இயக்குநர்.

"எங்க மாப்பிள்ளை ஏறப்போறாரு சார்."

"ரொம்பப் பெருமையான விஷயம். ஆனா யோசிச்சுப் பாருங்க. மேடைக்குப் பக்கத்துல நிக்கற கம்பம். டிவிக்காரன் வர்றான். அதுல போய் ஓட்டையா? இதுவரைக்கும் எத்தனை கம்பம் விழுந்திருக்கு?"

"எதுவும் விழல சார். யாரும் ஏறல."

"விழலைல்ல? அத மட்டும் பாருங்க."

ஆலோசகர் திரையைக் காட்டினார். எல்லாக் கட்டங்களும் பச்சையாக இருந்தன. அந்தப் பச்சையிடம் நெல் வயல் தோற்றது.

"ஏணி வண்டி ஒண்ணு நிறுத்தினா..." என்றேன். அன்றைக்கு நான் பேசிய ஐந்தாவது வாக்கியம். எனக்கே மூச்சு வாங்கியது.

"ஏணி வெச்சா நமக்கே நம்ம மேல நம்பிக்கை இல்லாத மாதிரி தெரியும்." இயக்குநர் என் தோளில் கை வைத்தார். "உங்க மாப்பிள்ளை எப்படி, ஒல்லியா?"

"சுமாரா."

"அப்ப தாங்கும். கவலைப்படாதீங்க. உங்க மனசுக்காக ஒரு குழு போடறேன்."

'துளை தேவையா என்பதை ஆராயும் குழு' அங்கேயே அமைக்கப்பட்டது. விழா முடிந்த பிறகு அது முதல் முறையாகக் கூடுவதென்று முடிவாயிற்று. ஒருமனதாக.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தங்கை கேட்டுக்கொண்டாள். கத்தவில்லை. "சரி" என்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விழா நாள். குன்றின் அடிவாரத்தில் மேடை, நாற்காலிகள், ஒலிபெருக்கி. முதல் கம்பத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே இயக்குநர் சிரிக்கும் பெரிய துணிப் பதாகை. விருந்தினர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே என் தங்கை. கூரை மேல் ஒரு மெத்தை. அவர்கள் வீட்டில் இருந்த ஒரே இரட்டை மெத்தை. ஆட்டோக்காரரும் அவளும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவந்து முதல் கம்பத்தின் அடியில் விரித்தார்கள்.

இயக்குநர் ஓடிவந்தார். "என்னம்மா இது? விழா நடக்கிற எடத்துல மெத்தை?"

"எங்க வீட்டுக்காரர் ஏறி எறங்கினா களைச்சுப் போவாரு சார். கொஞ்சம் படுப்பாரு."

"நாற்காலி இருக்கே!"

"அவருக்கு உக்காந்தா தூக்கம் வராது."

"யாராவது படம் எடுத்துட்டா என்னம்மா ஆகறது?"

"படுத்துட்டு எழுந்தவரைப் படம் எடுங்க சார். எனக்கும் அதுதான் வேணும்."

இயக்குநர் என்னைப் பார்த்தார். இப்படிப்பட்ட இடங்களுக்கு நான் ஒன்றும் எழுதிக்கொடுத்திருக்கவில்லை. அதற்குள் விருந்தினரின் கார் வந்துவிட்டது. மெத்தையை அகற்ற நேரமில்லை. விருந்தினர் நடந்துவருவதற்கான சிவப்புக் கம்பளம் கம்பத்தை ஒட்டிப் போகவேண்டியிருந்ததால், பணியாளர்கள் மெத்தையை ஒருபக்கமாகத் தள்ளி, பாதியை மடித்து, காலி இடத்தில் கம்பளத்தை விரித்தார்கள். தங்கை தடுக்கப் போனாள். இரண்டு பேர் அவளை மரியாதையாக ஓரமாக நிறுத்தினார்கள்.

இயக்குநர் பேசினார். உரை நன்றாக இருந்தது. நான் எழுதியது என்பதால் சொல்லவில்லை. "காற்றுக்கும் மழைக்கும் காலத்துக்கும் தலைவணங்காத எங்கள் கம்பங்கள்" என்ற இடத்தில் கைதட்டல் விழுந்தது. அதையே சைகையாக எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை ஏறத் தொடங்கினார். ஏறுமுன் ஒருமுறை மனைவியைப் பார்த்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார்.

"மச்சான், பெல்ட்டு வரைக்கும் போனா சொல்றேன்!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பட்டையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறியிருப்பார். குன்றின் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பெரிய காற்று இல்லை. பதாகையில் இயக்குநரின் கன்னம் மட்டும் உப்பியது. முதல் கம்பம் மேடையைப் பார்த்து, மெதுவாக, மிகவும் மெதுவாக, சாயத் தொடங்கியது. கம்பி இழுக்க, அதற்குப் பின்னால் இருந்ததும் சாய்ந்தது. அதற்குப் பின்னால் இருந்ததும். குன்றின் உச்சி வரை ஒவ்வொன்றாக, மரியாதை தெரிந்தவர்களைப் போல, வரிசையாகத் தலைவணங்கின.

"அட, என்ன ஏற்பாடுய்யா!" என்றார் விருந்தினர். எழுந்து நின்று கம்பங்களைப் பார்த்துக் கைகூப்பினார். கூட்டம் கைதட்டியது. இயக்குநரும் தட்டினார். தங்கை மட்டும் அலறிக்கொண்டு ஓடினாள்.

முதல் கம்பம் தரை மட்டத்தில் முறிந்தது. முறிகிற சத்தம்கூட வரவில்லை. பிஸ்கட்டை டீயில் ஊறவைத்து எடுத்தால் விழுமே, அப்படி. உள்ளே மரம் இல்லை. கரையான் குடித்தனம்தான் இருந்தது. மற்றவை முறியவில்லை, முறிவதற்குக்கூட ஆழம் பற்றாமல் வேரோடு பிடுங்கிய செடி போல மண்ணை விட்டு வெளியே வந்துவிட்டன. மாப்பிள்ளை விழுந்தார். மெத்தையின் மேல் விழுந்த பகுதிக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. தலை, முதுகு, இடுப்பு எல்லாம் பத்திரம். இடது கால் மட்டும் சிவப்புக் கம்பளத்தில் விழுந்தது.

விசாரணைக் குழு ஒரு மாதம் உழைத்து அறிக்கை கொடுத்தது. அதன் நடையில் ஒரு தெளிவு இருந்தது. விழுந்த கம்பங்கள் எதிலும் பூச்சுப் பூசிய பகுதி பழுதடையவில்லை. ஆகவே மூக்கு மட்டத் திட்டம் முழு வெற்றி. பூசாத பகுதி பழுதடைந்திருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி திட்டத்தில் சேராது. கம்பம் கம்பியைத் தாங்குவதற்காக நடப்பட்டது. அதன்மேல் ஒரு மனிதர் ஏறியது கூடுதல் சுமை. குன்றின் மண் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளும் தன் கடமையிலிருந்து தவறியிருக்கிறது. பொறுப்பாளிகள் யார் என்பதைக் கண்டுபிடிக்க இரண்டாவது குழு அமைக்கப்படும்.

பிறகு யார் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளையின் இடது முழங்கால் இனி மடங்காது. ஏறி முடித்து, இணைப்புக் கொடுத்து, இறங்கினால்தான் பணி நிரந்தரம் என்பது ஏற்பாடு. அவர் இறங்கியது மட்டும்தான் நடந்திருக்கிறது என்று ஆர்டரைக் கொடுக்கவில்லை. இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே சுவிட்சும் ஒயரும் விற்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறார். தங்கை ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். மத்தியானம் அங்கிருந்து அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். என்னோடு பேசுகிறாள், தேவைக்கு. மூக்கர் ஓய்வு பெற்றார். அந்தச் சளிக்குப் பிறகு அவருக்கு வாசனையே தெரியவில்லையாம். அப்போது அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கொக்கு தலைமையகத்தில் நிமிர்ந்தபடியே இருக்கிறார். மேஸ்திரி கடைசி நாள் வரை உருளையைத் துடைத்துவிட்டுப் போனார். ஆலோசகர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆலோசனை சொல்கிறார். இயக்குநர் பதவி உயர்ந்து இப்போது பாலங்களைக் கவனித்துக்கொள்கிறார். குன்றுக் குடியிருப்புக்கு மறு வருடம் இரும்புக் கம்பத்தில் மின்சாரம் போனது, விழா இல்லாமல். நான் வேலையை விட்டுவிட்டேன்.

இரண்டாவது குழு இன்னும் பொறுப்பாளிகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் எங்கெங்கோ அலைவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நிலையத்தின் வாசலில், உள்ளே நுழைந்ததும் வலதுபக்கச் சுவரில், அந்தக் கேடயத்தை வாங்கித் தந்தவர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. தங்க எழுத்து. தூரத்திலிருந்தே படிக்கலாம்.